கையை விடுங்கள், கண்ணைப் பாருங்கள்
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட்டுக்கு (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்வு) முன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் கல்லூரி குவார்ட்டர்பேக்குகளை எடைபோட உட்காருகிறவர்கள், முதலில் ஹைலைட்ஸ் வீடியோவை மூடிவிடுங்கள். அதில் எல்லோருமே சூரர்கள்தான். முழு ஆட்டத்தை எடுத்து, மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) இன்னும் ஏழெட்டு கெஜம் தேவைப்படும் கட்டங்களை மட்டும் ஓடவிடுங்கள். பந்து கைக்கு வந்ததும் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது? பாஸைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரை எதிரணி மறித்துவிட்டால், அடுத்த ஆளைத் தேடுகிறாரா, உடனே ஓடப் பார்க்கிறாரா? எதிராளி மேலே வந்து விழப்போகும் நொடியிலும் கால் தரையில் ஊன்றி நிற்கிறதா? நாலு ஆட்டம் இப்படிப் பார்த்தாலே ஆள் பிடிபட்டுவிடுவார்.

எறிந்த பாஸ்களில் எத்தனை பிடிபட்டன என்று சொல்லும் பாஸ் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். பக்கவாட்டில் தட்டிவிடும் ஸ்க்ரீன் பாஸ்கள் அதை ஊதிப் பெருக்கிவிடும். அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தோள் பலத்தில் மயங்கினால் என்ன ஆகும்? 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரசல் மூன்றே சீசன்தான் ஆடினார். பின்னாளில் ஜாம்பவானான டாம் பிரேடியை 2000இல் எடுத்ததோ 199ஆவதாக. அப்புறம், இதற்கும் விதிவிலக்கு உண்டு: வயோமிங் பல்கலைக்கழகத்தில் பாஸ் சதவீதம் 56ஐச் சுற்றியே நின்ற, தோள் பலத்துக்குப் பேர்போன ஜோஷ் ஆலன், என்எஃப்எல்லின் பஃபலோ அணிக்குப் போய் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.