மூன்று மடிக்கணினி, ஒரே நிரல்: அறிவியல் பைதான் சூழல் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரைக்கு ஆய்வுக்காக வரும் மாணவர்களுக்கு வடகடல், தென்கடல் என்ற சொற்கள் முதல் வாரத்திலேயே பழகிவிடும். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். இவ்விரண்டின் மேற்பரப்பு வெப்பநிலையைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டு, பவளப்பாறைகள் வெளுத்துப்போன 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பம் எத்தனை நாள் தணியாமல் நின்றது என்று கணக்கிடுவது நல்ல பயிற்சி. செயற்கைக்கோள் தரவு, நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவக் கோப்புகளாக இலவசமாகவே கிடைக்கிறது. ஏற்றவற்றக் கணக்குக்கு ஆசிரியர் ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றும் பெரும்பாலும் கையில் இருக்கும். அப்படியிருந்தும், ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் உபுண்டு, மூன்றாமவரிடம் மேக் என்று மண்டபம் ஊரில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் மூவருக்கு முதல் பதினைந்து நாள், பைதான் மொழியும் அதன் நூலகங்களும் ஓடும்படி கணினியைத் தயார் செய்வதிலேயே போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் தவறு, கம்பைலர், அதாவது மூலநிரலைக் கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், தேவைப்படாத இடத்தில் அதைத் தேடி ஓடுவது. நம்பை, சைபை போன்ற அறிவியல் கணக்கு நூலகங்களின் உட்பகுதி சி, சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை உருவாக்குவோரே ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் முன்கூட்டியே கம்பைல் செய்து, வீல் என்ற கோப்பாக வெளியிடுகிறார்கள். பொருத்தமான வீல் இருந்தால், பைதான் பொதிகளை (நூலகத் தொகுப்புகளை) நிறுவும் பிப் என்ற கருவி அதை இறக்கி அப்படியே வைத்துவிடும். இல்லாதபோதுதான் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய முயலும். விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை' என்று வரும் செய்தியின் பொருள் பல நேரங்களில், நீங்கள் வைத்திருக்கும் பைதானுக்கு இன்னும் வீல் வரவில்லை என்பதே. ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பைதானின் புதிய பதிப்பு வெளியாகிறது. அந்த வாரமே அதை நிறுவுகிறவர் இந்தச் செய்தியைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். ஒரு பதிப்பு பின்தங்கி இருப்பதில் எந்த இழிவும் இல்லை. பிப்புக்கு 'ஒன்லி பைனரி' விருப்பத்தைக் கொடுத்துவிட்டால், வீல் இல்லாத பொதியை அது கம்பைல் செய்ய முயலாமல், கிடைக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடும். அரை மணி நேரம் ஓடி நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டிவிட்டுத் தோற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மையிலேயே கம்பைலர் தேவைப்படுவது, நம் கையில் உள்ள ஃபோர்ட்ரான் நிரலை நம்பையோடு வரும் எஃப்டூபை என்ற கருவி வழியாகப் பைதானோடு இணைக்கும்போதோ, பைதான் போன்ற நிரலைச் சி மொழிக்கு மாற்றும் சைத்தானில் சொந்தமாக எழுதும்போதோதான். அங்கே விண்டோஸ்காரர்தான் அதிகம் இடறுகிறார். விஷுவல் ஸ்டுடியோ கோடு என்பது நிரல் எழுதும் எடிட்டர். அதில் கம்பைலர் இல்லை. கம்பைலர் இருப்பது விஷுவல் ஸ்டுடியோவிலோ, அதன் பில்டு டூல்ஸ் என்ற தனி நிறுவலிலோதான். அதிலும் சி++ மேசைக்கணினி நிரலாக்கத்துக்கான பகுதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கம்பைலர் இறங்காது. பல ஜிபி அளவுள்ள இதை அலைபேசி இணைப்பை வைத்து இறக்கிவிட்டு, தேர்வுப் பெட்டியில் ஒரு குறி இடாததால் மறுபடியும் தொடங்கியவர்கள் உண்டு.

அத்தனையும் முடித்த பிறகும் ஃபோர்ட்ரான் ஓடாது. மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலர் தொகுப்பில் ஃபோர்ட்ரான் கிடையாது என்பதே அதற்குக் காரணம். உடனே விண்டோஸுக்கான இலவசக் கம்பைலர் தொகுப்பான மிங்டபிள்யூவிலிருந்து ஜிஃபோர்ட்ரான் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை இறக்கி, அதில் உருவான பகுதியை மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் உருவான பகுதியோடு இணைக்கப் பார்ப்பது அடுத்த தவறு. சி மொழியின் எளிய இடைமுகம் வழியாக இரண்டும் சில நேரம் ஒத்துப்போகும். சி++ இடையில் வந்தால் ஒத்துப்போகாது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளும் இங்கே கைகொடுப்பதில்லை. 2023இல் வந்த பைதான் 3.12இலிருந்து டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டுமானத் தொகுதி நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சார்ந்திருந்த நம்பையின் கட்டுமானப் பகுதியும் அந்தப் பதிப்பிலிருந்து கிடையாது. எஃப்டூபை இப்போது மெசான், நிஞ்சா என்ற இரண்டு கட்டுமானக் கருவிகளை எதிர்பார்க்கிறது. அவற்றை நிறுவாமல், பத்தாண்டுக்கு முந்தைய குறிப்பில் உள்ளபடி டிஸ்ட்யூட்டில்ஸ் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பவருக்கு விடை கிடைக்கப்போவதில்லை.

விண்டோஸில் ஃபோர்ட்ரான் கட்டாயம் என்றால், என் கருத்தில், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டுவை உள்ளேயே நிறுவிக்கொள்வது குறைந்த துன்பமுள்ள வழி. அங்கும் ஒரு பிழை காத்திருக்கிறது. தரவுக் கோப்புகளை சி டிரைவிலேயே விட்டுவிட்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து அவற்றைப் படித்தால், ஒவ்வொரு கோப்பும் இரண்டு கோப்பு முறைமைகளுக்கு இடையே கடந்து வர வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். நாளுக்கொன்றாக ஆயிரக்கணக்கில் கிடக்கும் வெப்பநிலைக் கோப்புகளை லினக்ஸ் பக்கத்து முகப்புக் கோப்புறைக்கே நகர்த்திவிட வேண்டும்.

உபுண்டுவிலோ தொல்லை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அங்கே பைதான் இயங்குதளத்தின் சொந்தச் சொத்து. அதன் பல கருவிகள் அந்தப் பைதானை நம்பியே ஓடுகின்றன. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு அதற்குள் பிப்பால் பொதிகளைத் திணித்து, இயங்குதளத்தின் கருவிகளையே முடக்கிக்கொண்டவர்கள் ஏராளம். இதற்காகவே பெப் 668 என்ற விதி வந்தது. டெபியன் 12 முதலும் உபுண்டு 23.04 முதலும், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி பிப் மறுத்துவிடும். அந்த மறுப்பை மீறுவதற்கான விருப்பத்தின் பெயரிலேயே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று எச்சரிக்கை எழுதியிருந்தும் அதை ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பொதிகளை இயங்குதளத்தின் பைதானிலிருந்து பிரித்து வைக்கும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்க ஒரு வரிதான் ஆகும். மற்றபடி உபுண்டுவில் சி, சி++ கம்பைலர்கள் அடங்கிய பில்டு எசென்ஷியல், ஜிஃபோர்ட்ரான் இரண்டும் ஒரே கட்டளையில் வந்துவிடும். 'பைதான்.எச்' கோப்பைக் காணவில்லை என்று கம்பைலர் புலம்பினால் பைதான்3-டெவ் பொதியை நிறுவவில்லை என்று பொருள்.

மேக்கில் கவனிக்க வேண்டியவை சிலவே. ஜிசிசி என்ற கம்பைலரின் பெயரைத் தட்டினால் அங்கே ஓடுவது ஆப்பிளின் கிளாங் என்ற வேறொரு கம்பைலர். அதோடு ஃபோர்ட்ரானும் வராது, கணக்கைப் பல செயலிக்கருக்களில் பகிர்ந்து ஓட்டும் ஓப்பன்எம்பி நூலகமும் வராது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவின் ஜிசிசி பொதியை நிறுவினால் ஜிஃபோர்ட்ரான் அதனுள்ளேயே வரும். 2020 இறுதியிலிருந்து வரும் எம் வரிசைச் செயலியில், பழைய இன்டெல் மேக்கிலிருந்து அப்படியே இடம்பெயர்த்த பைதானும் இன்டெல் நிரலைப் புதிய செயலிக்கு மொழிபெயர்க்கும் ரொசெட்டாவின் துணையோடு சத்தமின்றி ஓடிவிடும். ஆனால் புதிய கம்பைலர் ஆர்ம்64 வகையில் உருவாக்கும் நூலகத்தை அது ஏற்றாது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் எதுவுமே கம்பைல் ஆகவில்லை என்றால் எக்ஸ்கோடு கட்டளைவரிக் கருவிகளை மறுபடி நிறுவினால் போதும். நிரலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மூன்று கணினிகளிலும் ஒரே மாதிரி அமைய வேண்டுமென்றால் கான்டா என்ற பொதி நிறுவும் கருவிக்கான இலவசக் களஞ்சியமான கான்டாஃபோர்ஜைத்தான் நான் சொல்வேன். கான்டாவோடு வரும் பெரிய தொகுப்பான அனகோண்டாவின் முழு நிறுவல் ஏறக்குறைய ஒரு ஜிபி. கான்டாஃபோர்ஜைப் பயன்படுத்தும் சிறிய நிறுவியான மினிஃபோர்ஜ் அதில் சிறு பங்குதான், தங்கச்சிமடத்தில் அலைபேசி இணைப்பை வைத்தே இறக்கிவிடலாம். கான்டாஃபோர்ஜில் கம்பைலர்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பொதி இருக்கிறது. அதை நிறுவிச் சூழலை இயக்கினால், லினக்ஸிலும் மேக்கிலும் சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றும் அச்சூழலின் நூலகங்களுக்குப் பொருந்தும்படி அமைந்துவிடும். விண்டோஸில் மட்டும் மைக்ரோசாஃப்ட் கம்பைலரை அது கொண்டுவராது. ஏற்கெனவே நிறுவியிருப்பதைத் தேடிப் பயன்படுத்தும்.

இதையும் கெடுப்பது கலப்படம். கான்டாஃபோர்ஜில் பாதி, அனகோண்டாவின் டிஃபால்ட்ஸ் சேனலில் (பொதிக் களஞ்சியத்தில்) பாதி, நடுவில் பிப்பால் நிறுவிய நம்பை, வெளியே உபுண்டுவின் ஆப்ட் கட்டளையில் வந்த நெட்சிடிஎஃப் நூலகம் என்று சேர்த்தால், எந்தப் பொதி எந்த நூலகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. பிப்பைத் தொடவே கூடாது என்பதில்லை. கான்டாவில் கிடைப்பதையெல்லாம் முதலில் நிறுவி முடித்து, கிடைக்காத ஒன்றிரண்டை மட்டும் கடைசியில் பிப்பால் சேர்க்க வேண்டும். அதன் பிறகு மறுபடி கான்டாவில் எதையாவது நிறுவ நேர்ந்தால் சூழலை அழித்துப் புதிதாக உருவாக்குவதே பாதுகாப்பு. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது இந்தக் கலப்படக்காரர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 1.x பதிப்பை வைத்துக் கம்பைல் செய்த நீட்சிகள் (பைதானோடு இணையும் கம்பைல் செய்த பகுதிகள்) 2.0இல் ஓடாது, யாரோ ஒரு பிப் கட்டளை நம்பையை மட்டும் உயர்த்திவிட, சொந்த ஃபோர்ட்ரான் நீட்சி உட்பட எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. உயர்த்தினால் நீட்சியையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னவை பிழைச் செய்தியாவது தருபவை. பிழையே காட்டாமல் விடையை மாற்றிவிடும் ஒன்றும் உண்டு. நம்பை 2.0க்கு முன்பு, 64 பிட் விண்டோஸிலும் முழு எண்ணின் இயல்பு அளவு 32 பிட்தான். லினக்ஸிலும் மேக்கிலும் 64. கடல் தரவுக் கோப்புகள் பலவற்றில் காலம் 1900 ஜனவரி 1 முதல் நாட்களாக எண்ணப்பட்டிருக்கும். 2016 ஜனவரி 1 அந்தக் கணக்கில் 42,368ஆவது நாள். நாட்களை முழு எண் அணியாக வைத்து நொடியாக்க 86,400ஆல் பெருக்கினால் 366 கோடியைத் தாண்டும். 32 பிட்டில் கொள்ளக்கூடியதோ 214 கோடிச் சொச்சம். உபுண்டுக்காரருக்குச் சரியான தேதி வரும். பக்கத்தில் இருக்கும் விண்டோஸ்காரருக்கு அதே நிரல் எதிர்மறை எண்ணைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். அணியை உருவாக்கும்போதே 64 பிட் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டால் இந்த வேற்றுமை எழாது.

ஒருவர் கம்பைல் செய்த நீட்சியைப் பென்டிரைவில் மற்றவருக்குக் கொடுப்பதும் வழக்கமாக இருக்கிறது. இயங்குதளம் வேறென்றால் ஓடாது என்பது தெரிந்ததே. இயங்குதளம் ஒன்றாகவே இருந்தாலும், இந்தச் செயலிக்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்து என்னும் 'மார்ச் நேட்டிவ்' விருப்பத்தோடு புதிய கணினியில் உருவாக்கியது பழைய மடிக்கணினியில் 'சட்டவிரோதக் கட்டளை' என்று சொல்லி விழும். மூலநிரலைக் கொடுத்து அவரவர் இடத்தில் கம்பைல் செய்யச் சொல்வதே முறை. இணைப்பு மெலிந்த ஊர்களுக்காக வீல் கோப்புகளைச் சேமித்து எடுத்துப்போகிறவர்களும், இறக்கும்போதே இலக்குக் கணினியின் இயங்குதளத்தையும் பைதான் பதிப்பையும் குறிப்பிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் சில கட்டுமானக் கருவிகள் இன்றும் தடுமாறுகின்றன. சூழலை சி டிரைவின் மேல்மட்டத்தில் சிறிய ஆங்கிலப் பெயரில் வைப்பதால், விண்டோஸின் 260 எழுத்து வரம்பிலிருந்தும் தப்பலாம். உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டரில் பொதி கிடைக்கவில்லை என்று வந்தால், ஓடும் பைதானின் இருப்பிடத்தைச் சொல்லும் சிஸ் எக்ஸிக்யூட்டபிள் எந்தப் பைதானைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அதன் பின்பே எதையும் நிறுவ வேண்டும்.

சூழலைப் பகிரும்போது கான்டாவின் முழு ஏற்றுமதிக் கோப்பைக் கொடுத்தால் அதில் அந்த இயங்குதளத்துக்கே உரிய கட்டுமான எண்கள் எல்லாம் இருக்கும். உபுண்டுவில் எடுத்தது மேக்கில் நிறுவப்படாது. 'ஃப்ரம் ஹிஸ்டரி' விருப்பத்தோடு எடுத்தால் நீங்கள் கேட்டு நிறுவியவை மட்டும் வரும். பிப்பால் சேர்த்தவை அதில் வராது என்பதால் அவற்றைக் கையால் எழுத வேண்டும். அந்தக் கோப்பை வெப்பநிலைத் தரவும் ஃபோர்ட்ரான் மூலநிரலும் இருக்கும் கோப்புறையிலேயே வைத்து, மற்ற இருவரின் கணினியிலும் வெறுமையிலிருந்து ஒருமுறை நிறுவி, மூவரும் ஒரே நாளின் தென்கடல் வெப்பநிலையை எடுத்து மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு மீதி ஆண்டுகளை ஓட்டலாம்.