அந்த வீட்டுப் பெண்களை எழுதுவது எப்படி

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய மார்மன் மதப்பிரிவின் ஆரம்பகாலக் குடும்பங்களில் ஒரே ஆணை மணந்த பெண்களைக் கதையாக்க நினைக்கிறீர்களா? முதலில் அடுப்படியைத் தீர்மானியுங்கள். ஒரே அடுப்பா, தனித்தனியா? மாவு மூட்டை யார் பொறுப்பில்? பழைய வண்ணாரப்பேட்டையில் என் ஆயா இளையாளாக வாழ்க்கைப்பட்டவர். அரிசி டின்னுக்குப் பூட்டு உண்டு, சாவி மூத்தவர் இடுப்பில். ஆயாவின் மூன்று பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்தவரும் அவர்தான். அதனால் ‘சக்களத்தி’ என்ற சொல்லை நான் என் கதையில் தவிர்த்தேன். இருவருக்கும் சண்டைதான் என்று எழுதும் முன்பே அது முடிவு செய்துவிடுகிறது.

அப்புறம் ஆண்டு. 1843இல், மார்மன்கள் அப்போது வாழ்ந்த நாவூ நகரம் என்றால் பலதார மணம் ரகசியம். மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மாவே எதிர்த்தார். 1852க்குப் பிறகு, அவர்கள் குடிபெயர்ந்த யூட்டாவில் அது ஊரறிந்த விஷயம். 1880களில் பலதார மணத்துக்காகக் கைதாவோம் என்று பயந்து கணவர்கள் தலைமறைவானார்கள்.

அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாகக் காட்டாதீர்கள். யூட்டா பெண்களுக்கு 1870இலேயே ஓட்டுரிமை கிடைத்தது. 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் பறித்தது; 1896இல் அது திரும்பக் கிடைத்தது. நான்காவது மனைவியான மருத்துவர் மார்த்தா ஹியூஸ் கேனன் அதே ஆண்டு மாநில செனட்டுக்கு நின்றார். கணவரும் நின்றார். ஜெயித்தது மார்த்தா. சரி, மறுபக்கமும் இருக்கிறது: ஸ்மித்துக்கு மணமுடிக்கப்பட்டபோது ஹெலன் மார் கிம்பலுக்கு 14 வயது. இதை மழுப்பி எழுதவே கூடாது.

ஓர் இரவில் தொடங்குங்கள். கணவரின் காலடிச் சத்தம் எந்த அறைப் பக்கம் போகிறது என்று இருட்டில் கேட்டபடி படுத்திருக்கும் இருவர். மூத்தவர் பார்வையில் ஒருமுறை, இளையவர் பார்வையில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.