கேப் டவுன்ல இருந்து விக்டோரியா ஃபால்ஸ் வரைக்கும் ட்ரக் சஃபாரி: புக் பண்றதுக்கு முன்னாடி ராத்திரி எங்க தங்க வைக்கிறாங்கன்னு பாருங்க

தென் ஆப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வேன்னு நாலு நாட்டையும் ட்ரக்ல தரை வழியாவே சுத்திக் காட்டுற கைடட் டூர் நிறைய இருக்கு. கேப் டவுன்ல கிளம்பி, வடக்கே ஆரஞ்ச் நதியைத் தாண்டி நமீபியாவுக்குள்ள போய், ஃபிஷ் ரிவர் கேன்யன், நமீப் பாலைவனம், ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா, அப்புறம் போட்ஸ்வானால ஒகவாங்கோ டெல்டா, சோபே, கடைசியா விக்டோரியா ஃபால்ஸ். 5,000 கி.மீ.க்கு மேல வரும், பெரும்பாலும் மூணு வாரம் ஆகும். எல்லா கம்பெனி மேப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதே ஊரு, அதே போட்டோ, விலை மட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பாதிக்குப் பாதி வித்தியாசப்படும். எங்க வித்தியாசம்னு தெரியணும்னா ஐட்டினரரியை எடுத்து ஒவ்வொரு நாளுக்கும் நேரா "இன்னைக்கு ராத்திரி எந்த கேம்ப்"னு மட்டும் எழுதிக்கிட்டே வாங்க. இந்தப் பயணத்துல நீங்க எதைப் பார்ப்பீங்க எதை விட்டுடுவீங்கன்னு முடிவு பண்றது பகல்ல போற இடம் இல்ல, ராத்திரி படுக்குற இடம்தான்.

முதல் உதாரணம் நமீப் பாலைவனத்துல இருக்குற சோசஸ்ஃப்ளே. சிவப்பு மணல் மேடு படம் எல்லாம் பார்த்திருப்பீங்களே, அந்த இடம். பார்க்கோட வாசல் செஸ்ரிம்ங்கிற இடத்துல இருக்கு, அங்க இருந்து உள்ள 60 கி.மீ. தார் ரோடு, அதுக்கப்புறம் 5 கி.மீ. வெறும் மணல். வெளி கேட் சூரியன் உதிக்கும்போதுதான் திறப்பாங்க. ஆனா கேட்டுக்கு உள்ள இருக்குற செஸ்ரிம் கேம்ப்சைட்ல தங்குறவங்களுக்கு இன்னொரு கேட் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திறக்கும். டியூன் 45ங்கிற மேடு செஸ்ரிம்ல இருந்து 45 கி.மீ. தள்ளி இருக்கு, அதனாலதான் அந்தப் பேரு. வெளியில லாட்ஜ்ல தங்கினா நீங்க அங்க போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் ஏறிடும், மணலோட ஒரு பக்கம் நிழலும் ஒரு பக்கம் நெருப்புச் சிவப்புமா பிரியுற அந்த நேரமே போயிடும். லாட்ஜ்ல சொகுசு ஜாஸ்திதான், ஆனா இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் டென்ட்தான் சரின்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அங்க போறப்ப செய்ய வேண்டியது: முதல் நாள் ராத்திரியே தண்ணி பாட்டில் ரொப்பி வச்சிடுங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டராவது. மேட்டுல ஏறும்போது முகட்டு மேலயே நடங்க, முன்னாடி போனவங்க கால் தடத்துலயே காலை வைங்க, புது மணல்ல மிதிச்சா ரெண்டு அடி ஏறினா ஒரு அடி சறுக்கும். டியூன் 45ல சூரிய உதயம் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க, சில டூர்ல டிஃபன் குடுத்துட்டு அதோட முடிச்சுடுவாங்க, காஞ்ச மரங்க நிக்கிற டெட்ஃப்ளேயும் சேர்த்துதானான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. அந்தக் கடைசி 5 கி.மீ. மணலுக்குப் பெரிய ட்ரக் போகாது, அங்க இருக்குற ஃபோர் வீல் டிரைவ் ஷட்டில்ல மாறணும், அதுக்குத் தனிக் காசு, அப்புறம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல நடை. மேடு ஏறி இறங்கினா கோடையில வத்திப்போன ஏரி மாதிரி வெடிச்ச வெள்ளைக் களிமண் தரை, அதுல கறுப்பா நிக்குற மரங்கள். சௌசாப் ஆறு வந்த வழியை மணல் மேடு மறைச்சதும் தண்ணி இல்லாம காஞ்சு போன மரங்க, செத்து 600, 700 வருஷம் இருக்கும்னு சொல்றாங்க, மக்கிப் போகக்கூட ஈரம் இல்லாததால அப்படியே நிக்குது. தொடாதீங்க, சாய்ஞ்சு போட்டோ எடுக்காதீங்க, இன்னொரு தடவை முளைக்கப் போறதில்ல அது. பத்து மணிக்கு மேல மணல் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அதுக்குள்ள திரும்பிடுங்க.

அங்க இருந்து ஸ்வாகோப்முண்ட். பாலைவனம்னு நினைச்சு டி-ஷர்ட்டோட இறங்கினா நடுங்கிடுவீங்க. கடல்ல ஓடுற பெங்குவெலா குளிர் நீரோட்டத்தால கடற்கரை முழுக்க மூடுபனி, காலையில ஜாக்கெட் இல்லாம வெளிய வர முடியாது. பெரும்பாலான டூர் இங்க ரெண்டு ராத்திரி ரூம் குடுப்பாங்க, துணி துவைக்க, சிம், பணம், மருந்துக்கடை எல்லாம் இங்கயே முடிச்சுக்கோங்க. ஜெர்மனி இந்த நாட்டை ஆண்டப்ப கட்டின கட்டடங்களை அழகுன்னு காட்டுவாங்க, அழகுதான், ஆனா 1904ல இருந்து 1908 வரைக்கும் இதே மண்ணுல ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கூட்டம் கூட்டமா கொன்னுது, அதை இனப்படுகொலைன்னு ஜெர்மனி ஒத்துக்கிட்டதே 2021லதான். ஊர் ஓரத்துல கல்லறைத் தோட்டம் இருக்கு, பேர் எழுதாத சின்னச் சின்ன மண் மேடு வரிசை வரிசையா. டூர்ல இருக்காது, நீங்களே கேட்டுப் போங்க, போகணும்.

அடுத்தது எட்டோஷா. இங்கயும் அதே கேள்விதான், பார்க்குக்கு உள்ளயா வெளியயா. கேட் சூரியன் உதிக்கும்போது திறந்து மறையும்போது மூடிடும், வெளிய தங்கினா ராத்திரி உங்களுக்கு எட்டோஷா கிடையாது. உள்ள ஒகாகுயோ, ஹலாலி, நமுத்தோனின்னு கேம்ப் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ராத்திரி லைட் போட்ட தண்ணிக் குட்டை. ஒகாகுயோல தாழ்வான ஒரு கல் சுவர், இந்தப் பக்கம் பெஞ்ச் போட்டு நாம, அந்தப் பக்கம் மிருகங்க. சாப்பிட்டு முடிச்சதும் ஸ்வெட்டர், போர்வையோட போய் உட்கார்ந்திடுங்க, ஒரு மணி நேரம் ஒண்ணுமே வரலைன்னாலும் எழுந்திரிக்காதீங்க. கறுப்புக் காண்டாமிருகம் பகல்ல புதர்க்குள்ள இருக்கும், ராத்திரிதான் தண்ணிக்கு வரும். முதல்ல உருவம் தெரியாது, கல்லுல கால் படுற சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் லைட்டோட விளிம்புல வந்து நின்னு ரொம்ப நேரம் காதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். குடிக்க ஆரம்பிச்சா உறிஞ்சுற சத்தம் சுவர் வரைக்கும் கேட்கும். இன்னொண்ணு வந்துட்டா ரெண்டும் புஸ் புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு எதிரும் புதிருமா நிக்கும். யானைக் கூட்டம் வந்தா மத்ததெல்லாம் ஒதுங்கி இடம் விடும். இதைப் பார்க்குறதுக்கே உள்ள ரெண்டு ராத்திரி இருக்குற டூரா தேடுங்க, ஒரு ராத்திரின்னா பத்தாது.

பகல்ல அங்க வண்டியை விட்டு இறங்கக்கூடாது, ரோட்டை விட்டு விலகவும் கூடாது. ட்ரக்ல உயரம் ஜாஸ்தி, பார்வை நல்லா இருக்கும், ஆனா திறந்த ஜீப் டிரைவ் தனிக் காசு கேட்பாங்க. ஒரு தடவை காலையில எடுங்க, போதும். எட்டோஷால எருமையும் நீர்யானையும் கிடையாது, கைடைத் தொந்தரவு பண்ணாதீங்க, அதெல்லாம் சோபேல பார்த்துக்கலாம்.

போட்ஸ்வானா பார்டர்ல ஒரு விஷயம். மாட்டுக் கோமாரி நோய் பரவாம இருக்க பச்சை மாமிசம், பால் பொருள் கொண்டு போறதை செக் பண்ணிப் பிடுங்கிடுவாங்க, எல்லாரும் இறங்கி மருந்து ஊறின கால்மிதி மேல செருப்பு, ஷூவை மிதிச்சுட்டுதான் போகணும், சில சமயம் பேக்ல இருக்குற ஷூவையும் எடுக்கச் சொல்வாங்க, அதனால ஷூவை பேக் அடியில புதைச்சு வைக்காதீங்க.

ஒகவாங்கோல மூணாவது தடவையா அதே கேள்வி. சில டூர் டெல்டாக்கு வெளிய இருக்குற மௌன் ஊர்லயே தங்க வச்சு மொகோரோல அரை நாள் கூட்டிட்டுப் போய்த் திரும்பிடும், சில டூர் டெல்டாக்குள்ள தீவுலயே ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி டென்ட் போடும். ரெண்டாவதை எடுங்க. மொகோரோங்கிறது ஆழமில்லாத நீளப் படகு, முன்னாடி மரத்தைக் குடைஞ்சு செஞ்சாங்க, இப்ப மரத்தைக் காப்பாத்த ஃபைபர்ல நிறைய வந்திருச்சு. பின்னாடி ஒருத்தர் நின்னு கம்பால தள்ளுவாரு, நீங்க தரையோட உட்கார்ந்திருப்பீங்க, அல்லிப்பூ கண்ணு மட்டத்துல போகும். அந்தத் தண்ணி உள்ளூர் மழை இல்ல, அங்கோலா மலையில பெய்ஞ்சது மாசக்கணக்குல நடந்து வந்து, சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்குற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான் டெல்டாவை நிறைக்கும். தீவுல வேலி கிடையாது. இருட்டினதும் டென்ட்டை விட்டு தனியா போகக்கூடாது, நீர்யானை ராத்திரி மேய கரைக்கு வரும். படுக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிட்டு பாத்ரூம் வேலையை முடிச்சிடுங்க. கம்பு தள்ளுறவங்க அதே ஊர்க்காரங்க, அவங்க சொல்றதைக் கைடு சொல்றதை விடக் கவனமா கேளுங்க.

சோபேல சாயங்கால போட் டிரைவ் கண்டிப்பா பட்டியல்ல இருக்கணும். போட்ஸ்வானால யானை சுமார் 1.3 லட்சம், உலகத்துலயே எந்த நாட்டுலயும் இவ்வளவு கிடையாது, வறட்சி மாசத்துல அதுல பெருங்கூட்டம் சோபே ஆத்தங்கரைக்கு வந்து சேரும்.

எந்த மாசம்னா, என் ஓட்டு ஆகஸ்ட், செப்டம்பர் பாதி வரைக்கும். எட்டோஷா காஞ்சிருக்கும், டெல்டால தண்ணி இருக்கும், ஃபால்ஸும் நல்லா தெரியும். ஜூன், ஜூலைல பாலைவனத்துல ராத்திரி குளிர் பூஜ்ஜியம் கிட்டப் போகும், குளிர் தாங்குற ஸ்லீப்பிங் பேக் வேணும். அக்டோபர்ல மிருகம் நிறைய, ஆனா வெயில் 40 டிகிரி, ஃபால்ஸ்ல எல்லைக்கு அந்தாண்ட இருக்குற ஜாம்பியா பக்கம் கிட்டத்தட்ட பாறைதான். நம்ம ஸ்கூல் லீவுக்குன்னு ஏப்ரல், மே போறவங்களுக்கு ஃபால்ஸ்ல தண்ணி உச்சத்துல இருக்கும், சாரல் மூடி எதிர்ப்பக்கமே தெரியாது, தொப்பலா நனைவீங்க.

காசு விஷயத்துல விளம்பர விலையை நம்பாதீங்க. "லோக்கல் பேமென்ட்"னு அங்க போய்க் கட்டுற தொகை, எக்ஸ்ட்ரா ஆக்டிவிட்டி, தனியா போனா சிங்கிள் சப்ளிமென்ட், டிப்ஸ், விசா எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. ராண்ட் நமீபியால செல்லும், நமீபியா டாலர் தென் ஆப்பிரிக்கால செல்லாது, அதனால பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடி செலவழிச்சிடுங்க. போட்ஸ்வானால புலா. ஜிம்பாப்வேக்கு ஒண்ணு, அஞ்சு, பத்து அமெரிக்க டாலர் நோட்டு கிழியாததா கொண்டு போங்க, சில்லறை கிடைக்காது.

விசா நம்ம பாஸ்போர்ட்டுக்கு நாட்டுக்கு நாடு வேற, அடிக்கடி மாறுது, அந்தந்த நாட்டு அரசு சைட்லயே பாருங்க, டூர் கம்பெனி சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தென் ஆப்பிரிக்காவுக்கு முன்கூட்டியே எடுத்தாகணும். விக்டோரியா ஃபால்ஸ்ல இருந்து ஜோஹன்னஸ்பர்க் வந்து தனி டிக்கெட்ல ஊருக்கு ஏறினா, லக்கேஜ் எடுக்க மறுபடி உள்ள நுழையணும், அதனால மல்டிபிள் என்ட்ரி கேளுங்க. அடிஸ் அபாபா, நைரோபி வழியா போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு வச்சிருங்க, இல்லன்னா இந்தியா திரும்பும்போது 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்த வாய்ப்பு இருக்கு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். ஒகவாங்கோ, சோபே, ஃபால்ஸ் பக்கம் மலேரியா உண்டு, மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்க, டாக்ஸிசைக்ளின் குடுத்தா வெயில்ல தோல் சீக்கிரம் கருகும், சன்ஸ்கிரீன் விடாதீங்க.

சூட்கேஸ் வேண்டாம், ட்ரக் லாக்கர்ல நுழையாது, மெத்துன்னு மடங்குற பேக்தான். மிலிட்டரி டிசைன் துணி எதுவும் எடுக்காதீங்க, ஜிம்பாப்வேல அது சட்டப்படி தப்பு. நம்ம வீட்டு ஏசிக்குப் போடுற பெரிய 15 ஆம்ப் மூணு பின் பிளக் இருக்கே, அது தென் ஆப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானால பல சுவர்ல அப்படியே ஏறும், அந்தத் தலை உள்ள எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போதும். தலையில மாட்டுற டார்ச், பைனாகுலர், உதட்டுக்கு வாசலின், கேமராவை மூட ஜிப் கவர். மண் ரோட்டுல நாள் முழுக்க தடதடன்னு அதிரும், புழுதி எல்லாத்துக்குள்ளயும் போகும், ஓடுற வண்டியில லென்ஸ் மாத்தாதீங்க.

சைவம்னா புக் பண்ணும்போதும் முதல் நாள் குக்கிட்டயும் நேர்ல சொல்லிடுங்க. சோள மாவுக் களி, பீன்ஸ், காய் கிடைக்கும், பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட் வச்சிருந்தா மூணு வாரமும் ஓடிடும். டென்ட் போடுறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் முறை வச்சுச் செய்யணும், அந்த வேலை விலையிலயே கழிச்சிருப்பாங்க. ராத்திரி செருப்பு, ஷூவை டென்ட்டுக்கு வெளிய விடாதீங்க, நரி தூக்கிட்டுப் போயிடும். டிப்ஸ் கைடுக்கும் குக்குக்கும் தனித்தனியா, கடைசி நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே குடுத்திடுங்க, மறுநாள் காலையில பாதிப் பேர் விடியறதுக்குள்ள ஏர்போர்ட் போயிடுவாங்க.