பெண் பிள்ளைக்கு அரிதான பெயர்: தேடுவதிலிருந்து பதிவு வரை

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு முன்பள்ளியின் இடாப்பைப் புரட்டிப் பாருங்கள். 'சிகா', 'ஷனா', 'ஜினி' என்று முடியும் பெயர்கள் வரிசையாக வரும். ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும் என்று பெற்றோர் பாடுபட்டுத் தேடியவைதான் எல்லாம். எல்லாரும் ஒரே விதமாக எழுத்துகளைக் கோத்ததால் கடைசியில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. உண்மையிலேயே அரிதான பெயர்கள் நம் பழைய காணி உறுதிகளிலும், கோயில்களிலும், வேலியோரப் பூக்களிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1. எழுத்தை முதலில் கேட்டு வையுங்கள்

குறிப்புப் பார்க்கும் குடும்பமென்றால், பிறந்த நேரத்தைச் சரியாகக் குறித்துச் சாத்திரியாரிடம் கொடுத்துவிடுங்கள். 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு நான்கு பாதங்கள், பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108 எழுத்துகள். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மெ. இந்த எழுத்துகளில் தமிழ்ப் பெயர்கள் தாராளமாகக் கிடைக்கும்.

பூரத்தில்தான் சிக்கல். அதன் எழுத்துகள் மோ, ட, டி, டு. தமிழ்ச்சொல் எதுவும் 'ட'வில் தொடங்காது. அதனால் பெற்றோர் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டியதாகிறது. இப்படி வந்தால் மாற்றெழுத்து உண்டா என்று சாத்திரியாரிடமே கேளுங்கள். இல்லையென்றால் முப்பத்தொன்றாம் நாள் அந்த எழுத்தில் ஒரு பெயரைப் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு மனதுக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் தனியாக இருப்பதால் இந்த நெருக்கடி இல்லை.

2. வீட்டு அலுமாரியைத் திறவுங்கள்

பலரும் தவறவிடும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

நம் பகுதியில் காணி பூமி பெரும்பாலும் சீதனமாகப் பெண் பிள்ளைகளுக்கே போகும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே சீதனத்துக்கு விரிவான இடம் உண்டு. ஆகவே பழைய உறுதிகளில் தாய், அம்மம்மா, பூட்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் பெயர்கள் முழுதாக எழுதப்பட்டிருக்கும். அடுத்தது கல்வெட்டு. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடும் நினைவு மலரைச் சொல்கிறேன். அதன் பின்பக்கங்களில் வரும் வம்சாவழியை ஒரு தாளில் எழுதி எடுங்கள்.

தையல்நாயகி, சிவக்கொழுந்து, பூரணம், விசாலாட்சி, தெய்வானைப்பிள்ளை. இந்தப் பெயர்களில் ஒன்றையாவது இன்று ஒரு கைக்குழந்தைக்கு வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? 'பிள்ளை', 'அம்மா' என்ற ஒட்டுகளை எடுத்துவிட்டாலே பெயர் இலகுவாகிவிடும். தெய்வானை என்று வைக்கலாம். தையல் என்று மட்டும்கூட வைக்கலாம். பழந்தமிழில் அதற்குப் பெண், அழகு என்ற பொருள்கள் உண்டு. கிழவிப் பெயர் என்று சொந்தக்காரர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பூட்டியின் பெயர் பூட்டப்பிள்ளைக்கு வருவது நம் வழக்கம்தானே. பிள்ளை வளர்ந்து 'எனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று கேட்டால், ஒரு மனுசியின் கதையையே நீங்கள் சொல்லலாம்.

1995 இடப்பெயர்வில் உறுதிகளும் மலர்களும் பலருக்குப் போய்விட்டன. அப்படியானவர்கள் 'நூலகம்' இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஈழத்து நினைவு மலர்கள் நிறைய அங்கே இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் போதும்.

3. இலக்கியத்திலும் கோயிலிலும் தேடுங்கள்

மணிமேகலையிலிருந்து தொடங்குவோம். அதில் வரும் மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்பது இங்குள்ள மரபு. அந்தத் தீவில் புத்த பீடிகையைக் காத்து நின்றவள், அமுதசுரபி பற்றி மணிமேகலைக்குச் சொன்னவள், பெயர் தீவதிலகை. தீவுப்பகுதியைச் சேர்ந்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் என் மனதில் வரவில்லை. வீட்டில் 'திலகை' என்று கூப்பிடலாம். அதே காப்பியத்தில் சுதமதி, ஆதிரை, பீலிவளை என்ற பெண்களும் இருக்கிறார்கள். பீலிவளை நாகநாட்டு இளவரசி.

சங்கப் புலவர்களில் பெண்கள் பலர். மரியாதைக்கு வரும் 'ஆர்' விகுதியை நீக்கினால் நன்முல்லை, நல்வெள்ளி, இளவெயினி என்று அழகான பெயர்கள் கிடைக்கும்.

தேவாரத் தலங்களின் அம்மன் பெயர்களையும் விடாதீர்கள். வண்டார்குழலி திருவாலங்காட்டில், ஏலவார்குழலி காஞ்சியில். கடலுக்கு அக்கரையில் வேதாரணியத்து அம்மனின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அதிலிருந்து யாழ்மொழி என்று எடுக்கலாம். யாழினி இப்போது ஒழுங்கைக்கு ஒன்று இருக்கிறது. யாழ்மொழி அவ்வளவு இல்லை.

பூக்கள் வேண்டுமென்றால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. ஒரே மூச்சில் 99 பூக்களைச் சொல்கிறார். மௌவல், அதிரல், குவளை, ஆம்பல் எல்லாம் பெயராகப் பொருந்தும். செங்காந்தளும் அதில் உண்டு, நாங்கள் கார்த்திகைப்பூ என்போமே, அதுதான். காந்தள் என்று வைத்தால் குட்டியாகவும் இருக்கும், ஊரின் மழைக்காலமும் அதில் இருக்கும்.

4. பொருளை அகராதியில் பாருங்கள்

இணையப் பெயர்ப்பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு 'ஒளி', 'தேவி', 'இலட்சுமி' என்றே பொருள் போட்டிருக்கும். நம்ப வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1842இல் இங்கேயே வெளிவந்த மானிப்பாய் அகராதி கையில் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு சொல்லுக்கு உள்ள எல்லாப் பொருளையும் பாருங்கள். ஆதிமந்தி ஒரு சங்கப் புலவர். ஆற்றோடு போன கணவனைத் தேடி அலைந்தவள் என்பது அவள் கதை. எனக்கு அந்தக் கதை உயிர். ஆனால் 'மந்தி' பெண்குரங்கும் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை படப்போகும் பாட்டை நினைத்தால் அந்தப் பெயரை நான் விட்டுவிடுவேன்.

5. கூப்பிட்டுப் பாருங்கள்

படலையில் நின்று கிணற்றடிக்குக் கேட்கும்படி கூப்பிடுங்கள். கோபத்தில் ஒருமுறை, செல்லமாக ஒருமுறை. பிறகு அம்மம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருடைய வாயில் பெயர் எப்படி மாறுகிறதோ, அதுதான் வீட்டுப் பெயராக நிலைக்கும்.

'ழ' உள்ள பெயர்களை யோசித்து வையுங்கள். நம் ஊர்ப் பேச்சிலேயே அது 'ள' ஆகிவிடுகிறது. சிங்களத்தில் அந்த எழுத்தே இல்லை. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் மாமா, சித்தியின் பிள்ளைகளுக்கும் வராது. இதற்காக நல்ல பெயரை விட வேண்டாம். திருத்தித் திருத்திச் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். அப்புறம், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்தும் வாசியுங்கள். இரண்டும் சேர்ந்து வேறு சொல்லாகிவிடக் கூடாது.

6. பதிவு

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். முப்பத்தொன்றுக்குப் பெயர் வைக்கும் வீட்டில் மிச்சமிருப்பது 11 நாள்தான். பெயரை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே தீர்மானியுங்கள். எண் சாத்திரம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதென்றால் பதியும் முன்பே கூட்டுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், பள்ளிக்கூடத்தில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம் என்று போனால் பிள்ளைதான் பிற்காலத்தில் சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டும். அரிதான பெயரை எழுதுபவர் தனக்குப் பழகிய பெயராக மாற்றி எழுதிவிடுவதும் நடக்கும். அதனால் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையொப்பம் வைக்கும் முன் ல, ள, ழ, ன, ண ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்துப் பாருங்கள்.