பனிக்காலத்தில் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு: முதல்முறை கூட்டமாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

கூட்டமாக மோட்டார் சைக்கிளில் கிளம்புவது என்றதும், முதல் வண்டியில் யார் போவது என்றுதான் போட்டி நடக்கும். கடைசி வண்டியில் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிதானமானவர், வழி தெரிந்தவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் இருந்தால் அவரே கடைசி. முன்னால் போகிறவர் வழி காட்டினால் போதும்.

மார்கழி, தை மாதங்களுக்கு ஏற்ற ஒரு வழி சொல்கிறேன். மதுரை, மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, காரைக்குடி. உள்வழிகளையும் சேர்த்துப் போய்வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எட்டு வண்டிகளுக்கு மேல் வேண்டாம்.

1. முந்தைய நாள்

வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது டயரில் காற்றைப் பாருங்கள்; ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். செயின், பிரேக், ஹெட்லைட், பின்விளக்கு ஆகியவற்றையும் சரிபாருங்கள். கூட்டத்தில் எந்த வண்டியின் டேங்க் சிறியதோ அதன் கணக்கில்தான் எல்லோரும் பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டும்.

2. உடை

மதுரையில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் விடியற்காலையில் மேலூர் வயல்வெளியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். கழுத்துக்கு ஒரு துண்டு, கைக்கு உறை. சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளை மடித்து வைப்பது பழைய லாரி ஓட்டுநர் வழக்கம். எந்த ஜாக்கெட்டுக்கும் அது சளைத்ததல்ல. பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

3. கிளம்பும் நேரம்

ஜனவரியில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகுதான் எழும். விடிந்த பிறகு கிளம்புங்கள். கண்மாய்க் கரைகளில் மூடுபனி அதற்கு மேலும் நிற்கும். அப்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்தால் ஒரு விரற்கடை திறந்துவிடுங்கள். எதுவுமே தெரியவில்லையென்றால் சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்துங்கள். அருகில் டீக்கடை இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

4. வரிசையும் திருப்பங்களும்

அகலமான சாலையில் ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் சற்றுப் பின்னே இடப்பக்கம் என்று மாறி மாறிச் செல்லுங்கள். நேர் முன்னால் போகும் வண்டி கடந்த இடத்தை நீங்கள் கடக்க இரண்டு நொடியாவது ஆக வேண்டும். பனியிலும் ஊருக்குள்ளும் வளைவிலும் ஒற்றை வரிசைதான்.

இனிமேல் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். திருப்பம் வந்ததும் இரண்டாவது வண்டிக்காரர் அங்கே ஓரமாக, பின்னால் வருபவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு வழிகாட்டிவிட்டு, கடைசி வண்டி வந்த பிறகே அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த திருப்பத்தில், அப்போது இரண்டாவதாக இருப்பவரின் முறை. இப்படிச் செய்தால் யாருக்கும் வழி தெரிய வேண்டியதில்லை, யாரும் விரட்டிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. எங்கள் முதல் பயணத்தில் திருப்பத்தூரில் நின்றவர், எல்லோரும் போயிருப்பார்கள் என்று தானே நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் வந்த நண்பர் சிவகங்கைச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் தனியாகப் போய்விட்டு, கோபத்தோடு திரும்பி வந்தார். பாதிக் காலை அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே போனது.

5. நிற்க வேண்டிய இடங்கள்

திருப்பத்தூருக்கு முன்பே, சற்று உள்ளே, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இந்த மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கண்மாய் மரங்களை நிறைத்திருக்கும். அவை மிரண்டுவிடக்கூடாது என்று அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அங்கே போய் நீங்கள் ஹாரன் அடிக்காதீர்கள். எஞ்சினைத் தொலைவிலேயே அணைத்துவிட்டு நடந்து போங்கள்.

திருப்பத்தூரில், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊரில், அவர்களின் நினைவிடத்தையும் பார்க்கலாம். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலில் கூட்டம் அதிகம்; ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே இருக்கட்டும்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்த வழியையே தவிர்ப்பேன். நகரத்தார் பாதயாத்திரைக் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் காலம் அது. விடியுமுன்பே சாலையோரமெல்லாம் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அறுவடை நாட்களில் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

6. திரும்புதல்

காரைக்குடியில் மதியச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்துவது கடினம்தான். நிறுத்துங்கள், இல்லையென்றால் திருப்பத்தூர் தாண்டியதும் தூக்கம் வரும். மதுரைக்கு மேற்கு நோக்கித் திரும்ப வேண்டும், மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மூன்று மணிக்கு முன் கிளம்பினால் அந்தத் தொல்லை குறைவு. வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் கடைசி வண்டிக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடைசித் தகவல் வரும்வரை அவர் கைபேசியை அணைக்கக்கூடாது.