கிறிஸ்துமஸ் அலங்காரம்: சென்னை ஈரத்தில் சொதப்பும் இடங்கள்

டிசம்பர் 10-ஆம் தேதி ஆசையாகப் போட்ட குடிலில், 20-ஆம் தேதிக்குள் வைக்கோலுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள். கதவில் மாட்டிய இலை வளையம் சுருண்டு அப்பளமாகிவிட்டது. ஊட்டியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பைன் காய்கள் மொட்டு மாதிரி மூடிக்கொண்டன.

மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். இணையத்தில் காணும் அலங்காரக் குறிப்புகளில் பெரும்பாலானவை, ஹீட்டர் ஓடி உள்காற்று உலர்ந்துபோன குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. இங்கே டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காயாத காலம். அதனால் ஒரு பொருளைப் பச்சையாக வைப்பதென்றால் அதன் காம்புக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும். காய்ந்ததாக வைப்பதென்றால் ஒடித்தால் 'படக்'கென்று ஒடியும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எதுவும் பூசணம் பிடிக்கும்.

குடிலும் வைக்கோலும்

மாட்டுத் தீவனக் கடையிலோ தொழுவத்திலோ வாங்கிய வைக்கோலை அப்படியே குடிலில் பரப்புவதுதான் முதல் தவறு. கட்டின் வெளிப்பக்கம் காய்ந்து தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். ஒரு கைப்பிடியைப் பிழிந்து மோந்து பாருங்கள். புளிப்பு வாடை வந்தால் வேண்டாம். இரண்டடிக்கு மூன்றடி குடிலுக்கு அரைக் கிலோ தாராளம். வெயில் அடித்தால் ஒரு நாள் மொட்டைமாடியில் உலர்த்துங்கள். வானம் மூடிக்கிடந்தால் செய்தித்தாளில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே புரட்டிப் புரட்டிப் போடுங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கப்போகிறது என்றால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் வைக்கோலை அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புவது நல்லது. மெத்தை மாதிரி குவித்தால் அடியில் காற்றே போகாது.

மழையில் காம்பவுண்டுச் சுவரில் படரும் பாசியைச் சுரண்டி வந்து புல்தரை போடுவார்கள். பார்க்க அழகுதான். மண்ணோடு பெயர்த்தால் மூன்று நாலு நாள் தாங்கும். வெறும் பாசி மறுநாளே பழுப்பாகிவிடும். கூடவே பூரானும் வீட்டுக்குள் வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதைவிட முளைப்புல் மேல். ஆனால் இதில் தேதிக் கணக்குத் தப்பிவிடுகிறது. டிசம்பர் முதல் வாரமே விதைத்துவிட்டு, 24-ஆம் தேதி பார்த்தால் புல் மஞ்சளாகி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். கேழ்வரகு இரண்டு, மூன்று அங்குலம் வளர 8 முதல் 10 நாள், கோதுமை நாலைந்து அங்குலம் வர ஒரு வாரம் போதும். ஆக கேழ்வரகை 13-ஆம் தேதி ராத்திரி ஊறப்போடலாம், கோதுமையை 15-ஆம் தேதி. எட்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்து, முளை எட்டிப்பார்த்ததும் தட்டில் தூவுங்கள். ஒரு சதுர அடிக்குக் கேழ்வரகு ஒரு மேசைக்கரண்டி, கோதுமை என்றால் 150 கிராம். தட்டில் தென்னை நார்க்கழிவு ஒரு அங்குலம் இருந்தால் போதும். தண்ணீரை ஊற்றாதீர்கள், காலையும் மாலையும் தெளியுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, மாதா சொரூபத்துக்குப் பக்கத்திலேயே நாற்றம் கிளம்பும். முளைப்பாரி மாதிரி இருட்டில் வைத்து வளர்த்தால் வெளிறிய மஞ்சள்தான் வரும்; பச்சை வேண்டுமென்றால் மூன்றாம் நாளிலிருந்து ஜன்னலோரம்.

சவுக்குக் கிளை

சென்னை வீடுகளில் பல காலமாகக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். அதன் ஊசி இலை உண்மையில் இலையே இல்லை, மெல்லிய பச்சைக் குச்சி. தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் உதிர ஆரம்பிக்கும். காய்ந்த மணலில் நட்டு, நாலு செங்கல்லை முட்டுக் கொடுத்து 15-ஆம் தேதியே நிறுத்தினால் பண்டிகையன்று ஹாலில் மரம் இருக்காது, குப்பைதான் இருக்கும்.

ஐந்தடிக் கிளைக்கு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் சரியான அளவு. அடியைச் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு பக்கெட்டின் முக்கால் பங்குக்கு ஈர மணல் போட்டு நட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தினமும் கொஞ்சம் சேர்த்து வாருங்கள். உச்சியில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி ஜன்னல் கம்பியோடு பிணைத்துவிட்டால் குழந்தை இழுத்தாலும் விழாது. 22-ஆம் தேதிக்கு முன்னால் கொண்டுவர வேண்டாம். கிளையைத் தோட்டக்காரரிடமோ கடையிலோ வாங்குங்கள். தெருவோர மரத்திலும் கடற்கரைச் சவுக்குத் தோப்பிலும் போய் ஒடிப்பது சட்டப்படியும் தப்பு.

சவுக்குக் காய் அருமையான அலங்காரப் பொருள், சின்னப் பைன் காய் போலவே இருக்கும். ஆனால் பச்சையாகப் பறித்து ஒட்டினால் சில நாளில் கதவு கதவாகத் திறந்து, சிறகு முளைத்த பழுப்பு விதைகளைத் தரையெல்லாம் கொட்டும். முதலில் ஒரு காகித உறையில் போட்டு வாரம் ஒன்று விட்டு, நன்றாகக் குலுக்கி விதையை உதிர்த்த பிறகே பசையைத் தொடுங்கள்.

நர்சரியில் தொட்டியோடு கிடைக்கும் கிறிஸ்துமஸ் மரம் அரௌகேரியா. இதை ஏசி அறையில் மூன்று வாரம் வைத்தால் கீழ்க்கிளைகள் பழுப்பாகும். ஒரு வாரம் உள்ளே, பிறகு வெளிச்சமுள்ள பால்கனி. ஸ்டார் குத்த இடம் வேண்டுமென்று நுனியைக் கிள்ளிவிட்டால் பழைய கூம்பு வடிவம் அதற்குத் திரும்பக் கிடைக்காது.

கதவு வளையமும் திருவருகைக்கால வளையமும்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக ஏற்ற நான்கு மெழுகுவர்த்தி வைக்கும் திருவருகைக்கால வளையம் ஏறக்குறைய நாலு வாரம் இருந்தாக வேண்டும். ஒரே தடவை பச்சை இலையில் கட்டி நாலு ஞாயிறுக்கும் ஓட்டலாம் என்று நினைப்பது வீண். அடிவளையத்தை மட்டும் நிரந்தரமாகச் செய்துகொள்ளுங்கள்: வைக்கோல் பிரியையோ தென்னை ஈர்க்குக் கற்றையையோ ஒரு அடி விட்டத்தில் வளைத்து, சணலால் இறுக்கினால் போதும். சனிக்கிழமைதோறும் இலையை மாற்றுங்கள்.

எந்த இலை என்பதில்தான் பாதி வெற்றி. வேப்பிலை அன்று மாலையே தொங்கிப்போகும். மாவிலை நாலைந்து நாள் தாங்கும். பள்ளிக்கூட வாசலிலும் அடுக்குமாடி வளாகத்திலும் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் இலை நீளமாக, ஓரம் நெளிந்து, பளபளவென்றிருக்கும். கிட்டத்தட்ட ஒரு வாரம் முகம் வாடாது. எதுவானாலும் விடிகாலையில் பறித்து, காம்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்க வைத்த பிறகே கட்டுங்கள். இலை காயக் காயச் சுருங்கும், கட்டு தளரும். அதனால் நூலைத் தேவைக்கு மேல் ஒரு சுற்று அதிகம் இறுக்குங்கள். கட்டுக்கம்பி இந்த ஈரத்தில் துருப்பிடித்துக் கதவில் கறை விடும்.

தென்னங்குருத்துத் தோரணம் இரண்டு நாள் சரக்கு. 24-ஆம் தேதி கட்டுவதே முறை. தோரணத்தில் மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, சாவு வீட்டுக்கு ஒரு மடிப்பு என்று வித்தியாசம் உண்டு. யூடியூப் பார்த்துக் கட்டி வாசலில் தொங்கவிடுவதற்கு முன், பூக்கட்டுபவர் ஒருவரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ காட்டிவிடுங்கள்.

இனி இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. வெளிநாட்டு வளையத்தில் இருக்கும் சிவப்பு மணிக்காய்க்குப் பதிலாகக் குன்றிமணியைக் கோப்பது. கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். உள்ளே இருப்பதோ கொடிய நஞ்சு. ஓடு கெட்டியாக இருக்கும்வரை அது ஓரளவு அடங்கியிருக்கும். கோப்பதற்காக ஊசியால் துளை போடும்போது அந்தக் காப்பை நாமே உடைக்கிறோம். பிறகு குழந்தை வாயில் போட்டால் விபரீதம், துளையிடும்போது விரலில் குத்திக்கொண்டாலும் ஆபத்து. சாலை நடுத்திட்டுகளில் பூத்து நிற்கும் அரளியும் அப்படித்தான்: இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆமணக்குக் கொட்டையையும் தொடாதீர்கள். சிவப்புக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? கோயம்பேடு பூ மார்க்கெட்டில் கோழிக்கொண்டை கிடைக்கிறது. வாடாமல்லி கத்தரிப்பூ நிறத்தில் கிடைக்கிறது. இரண்டையும் தலைகீழாகக் கட்டி, நிழலில், ஃபேன் காற்றில் ஒரு வாரம் தொங்கவிட்டால் நிறம் குறையாமல் காயும். சாமந்தியும் ரோஜாவும் இந்த ஈரத்தில் காய்வதற்குள் அழுகும்.

மூங்கில் ஸ்டார்

கடையில் காகித ஸ்டார் வாங்காமல் வீட்டில் செய்பவர்கள் வழுக்கும் இடம் மூங்கில். பிளந்த மூங்கில் தப்பை ஐந்தில் ஒரு நட்சத்திரம் வீதம் இரண்டு கட்டி, ஐந்து முனையையும் சேர்த்து முடிந்து, உள்மூலை ஐந்திலும் நாலு அங்குலக் குச்சியை முட்டுக்கொடுத்தால் ஸ்டார் உப்பி நிற்கும். இரண்டடித் தப்பை பத்து, முட்டுக்குச்சி ஐந்து, அவ்வளவுதான் கணக்கு. பச்சை மூங்கிலில் கட்டிய கையோடு காகிதம் ஒட்டினால், மூங்கில் சுருங்கி முடிச்சு தளர்ந்து காகிதம் தொளதொளக்கும். கட்டி மூன்று நாள் விட்டு, முடிச்சுகளை மறுபடி இறுக்கிய பிறகு ஒட்டுங்கள்.

மைதாப் பசை இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது இதற்காகத்தான். ஒரு கப் பசைக்குக் கால் தேக்கரண்டி போதும்; ஆனால் அது விஷம், கிளறிய பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. உள்ளே பழைய குண்டு பல்பு போடாதீர்கள், அந்தச் சூட்டில் காகிதம் கருகும். 5 வாட் எல்இடி போதும், அதுவும் காகிதத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். சாரல் அடிக்கும் பால்கனியில் ஹோல்டர் நனையாத மூலையாகப் பாருங்கள்.

பழம், பைன் காய், பொரி

ஆரஞ்சு வில்லைக்குக் கமலா ஆரஞ்சு ஆகாது. தோல் தளர்ந்த பழம், நடுவும் பொந்து. நறுக்கினால் சுளை சுளையாகப் பிரியும். தோல் இறுகிய சாத்துக்குடிதான் வட்டமாக நிற்கும். 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, துணியில் ஒற்றி, ஓவனில் 90 முதல் 100 டிகிரியில் நாலு மணி நேரம், மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும். ஆறியதும் வளைந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து 23-ஆம் தேதி எடுத்து மாட்டுங்கள். முன்னாடியே மாட்டினால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, எறும்பு வரிசை கட்டும். பாப்கார்ன் மாலை ஒரே நாளில் நமுத்துவிடும், அதை விட்டுவிடலாம். நாட்டு மருந்துக் கடைப் பட்டை, அன்னாசிப்பூ இரண்டும் இந்தக் காற்றுக்கு அசையாதவை.

பைன் காய் ஈரக்காற்றில் செதிலை மூடிக்கொள்வது அதன் இயல்பு. 100 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்தால் திறக்கும், உள்ளிருக்கும் பூச்சியும் சாகும். சூடு ஆறியதும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்தால் மறுபடி மூடுவது தாமதப்படும். தங்க ஸ்ப்ரே அடிப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றுங்கள். ஈரக் காயின்மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளேயே பூசணம் பூக்கும்.

வைக்கோல் குடிலுக்குள் மெழுகுவர்த்தியோ அகல்விளக்கோ வேண்டவே வேண்டாம். சீரியல் செட்டிலும் மலிவான அடாப்டர் சூடாகும். அதை வைக்கோலுக்குள் புதைக்காமல் வெளியே தரையில் வையுங்கள், தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

குடில் கலைத்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போகி வரை வைத்திருந்து கொளுத்துவது இன்னொரு பழக்கம். பெயிண்டும் மினுக்குத்தூளும் பட்டவை எரிந்தால் வருவது நச்சுப்புகை, அவற்றை உலர் குப்பையில் சேருங்கள். எதுவும் பூசாத வைக்கோலும் சவுக்கும் தொட்டிச் செடிக்கு மூடாக்கு ஆகும், பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள். ஸ்டாரிலிருந்து காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கூட்டைப் பரணில் ஏற்றும் முன் தப்பையைத் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு துளைத்துவிட்டது என்று அர்த்தம். அதை வீட்டில் வைத்தால் பரணிலிருக்கும் மற்ற மரச் சாமான்களுக்கும் தாவக்கூடும், அன்றே வெளியேற்றுங்கள்.