மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன்: நெட்வொர்க் சான்றிதழ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அப்பிச்சியின் தோட்டம் பொள்ளாச்சிக்குப் பக்கம். போர் தண்ணீர் எடுக்கவில்லை என்று ஆள் அனுப்பினால், வருகிற ஃபிட்டர் 500 அடி குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கத் தொடங்கமாட்டார். முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பார். மூன்று ஃபேஸும் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். பல நாள் வேலை அதோடு முடிந்துவிடும். நெட்வொர்க் பழுது பார்க்கும் தேர்வுக்குப் படிக்கிற பலர் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறார்கள். "மாடியில் ஒரு கணினிக்கு மட்டும் இணையம் வரவில்லை" என்று கேள்வி வந்தால் நேராக ரவுட்டிங்கில், அதாவது தரவு போகும் பாதையைத் தீர்மானிக்கும் அமைப்பில், கை வைக்கிறார்கள். ஒரு கணினிக்கு மட்டும் என்றால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் முதலில் பார்க்க வேண்டாமா?

இதற்குக் காரணம் பயிற்சி செய்யும் முறை. கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் நான்கு ரவுட்டர்களை இணைப்பார்கள், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், கோப்பைச் சேமித்து மூடிவிடுவார்கள். இது கட்டும் பயிற்சி. தேர்வு கேட்பதோ கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. ஒழுங்காக ஓடுகிற லேபை, அதாவது அந்தப் பயிற்சி நெட்வொர்க்கை, உடன் படிக்கும் நண்பரிடம் கொடுத்து, மூன்று இடத்தில் கெடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்கே என்று அவர் சொல்லக் கூடாது. சப்நெட் மாஸ்க்கை (முகவரியில் நெட்வொர்க் பகுதி எது என்று காட்டும் எண்) மாற்றலாம், டீஃபால்ட் கேட்வேயில் (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) ஓர் எண்ணைப் பிசகாக்கலாம். ரவுட்டர்கள் பாதை விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓ.எஸ்.பி.எஃப்-இல் ஒரு பக்கம் மட்டும் ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளியை 10 நொடியிலிருந்து 15 ஆக்கினால் இரு ரவுட்டர்களும் அண்டை உறவே கொள்ளாது. எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இரு பக்கமும் மாறுபட்டால் கதை வேறு: உறவு தொடங்கும், ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே நின்றுவிடும். இந்த வித்தியாசத்தைத் திரையில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். மனப்பாடம் செய்தவர் தேர்வு நாளில் மாற்றிச் சொல்லுவார்.

நான் கற்றது லேபில் அல்ல. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கட்டிங் பிரிவுக்குப் புதிய வி-லான் (அதே ஸ்விட்ச்சுகளுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) தேவைப்பட்டது. பல வி-லான்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்பட்ட வி-லான் பட்டியலில் அதைச் சேர்த்தேன். சேர்த்ததாக நினைத்தேன். கட்டளையில் "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டதால் பழைய பட்டியல் அழிந்து புதியது மட்டும் நின்றது. பில் போடும் பிரிவு அத்தனையும் அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டது. கேள்விகளை எழுதுகிறவர்களுக்கும் இந்தக் குழி நன்றாகத் தெரியும்.

அடுத்த தவறு, அறிகுறியை அவசரமாகப் படிப்பது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி-யிடமிருந்து அதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்-ஐத் தேடிப் பயனில்லை. எண் முகவரிக்குப் பிங் போய், பெயருக்குப் போகவில்லை என்றால்தான் டி.என்.எஸ். மேல் சந்தேகம் வர வேண்டும். பிங் பதில் இல்லை என்பதாலேயே எதிர்முனை இறந்துவிட்டது என்றும் முடிவு கட்ட முடியாது, ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பிங் அழகாகப் போகிறது, பெரிய கோப்பு மட்டும் ஊர்கிறது, ஒரு முனையில் சி.ஆர்.சி. பிழைகளும் (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) மறுமுனையில் தாமத மோதல்களும் (லேட் கொலிஷன்) ஏறிக்கொண்டே போகின்றன என்றால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுவதா, மாறி மாறியா என்ற அமைப்பு) பொருந்தவில்லையா என்று பாருங்கள்.

காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ் தேர்வை எழுதுகிறவர்கள் அதன் ஏழு பழுதறிதல் படிகளை வரிசையோடு அறிந்திருக்க வேண்டும். தீர்வைச் செயல்படுத்தியதும் "அடுத்து என்ன?" என்றால், எல்லாம் முழுமையாக இயங்குகிறதா என்று சரிபார்ப்பதுதான் விடை. ஆவணப்படுத்துவது கடைசி. 2024-இல் வந்த பதிப்பில் பழுதறிதலுக்கு மட்டும் 24 விழுக்காடு. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். தொடக்கத்திலேயே வரும் செய்முறைக் கேள்விகளில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிடாதீர்கள். குறியிட்டுவிட்டு நகரலாம், பிறகு திரும்பி வரலாம். நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கடந்த கேள்வி கடந்ததுதான்.

பழைய புத்தகக் கடையில் சிஸ்கோவின் பழைய பழுதறிதல் தேர்வான டிஷூட்டுக்கு வழிகாட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. இப்போது பழுதறிதலுக்கு 300-410 என்ற எண் கொண்ட தேர்வைப் பாருங்கள். கசிந்த கேள்வித்தாள் விற்கிறவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: பிடிபட்டால் சான்றிதழே போய்விடும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். பதிவில் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் தேர்வு மைய வாசலிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பணம் கட்டும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீட்டிலிருந்தே எழுதுகிறவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிட்டுத் தேதி குறிக்க வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா காபி டம்ளரோடு அறைக்குள் வந்தால் கண்காணிப்பாளர் தேர்வை அங்கேயே நிறுத்திவிடக்கூடும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்கள் பேசாமல் கோவைக்கு பஸ் ஏறி, தேர்வு மையத்திலேயே எழுதிவிட்டு வரலாம்.